லூக்காவுக்குப் போகிறீர்களா? காரை மதிலுக்கு வெளியே நிறுத்துங்கள்

இத்தாலியின் டஸ்கனியில் வாடகைக் கார் எடுத்துச் சுற்றுபவர்களின் கையைக் கடிக்கக்கூடிய ஊர் லூக்கா. ஓட்டல் வாடகையால் அல்ல, கேமராவால். மதிலுக்குள் இருக்கும் பழைய நகரத்தின் பெரும்பகுதி இசட்.டி.எல். எனப்படும் தடைப்பகுதி. வெள்ளைப் பலகை, சிவப்பு வட்டம். அனுமதி இல்லாத வண்டி நுழைந்தால் நம்பர் பிளேட்டைப் படம் எடுத்துவிடும்.

சிக்கல் என்னவென்றால், வாசலைத் தாண்டியதும் சில தெருக்களில் தடை இல்லை. அதை நம்பி ஜி.பி.எஸ். சொல்லும் அடுத்த திருப்பத்தில் திரும்பினால் மாட்டிக்கொள்வீர்கள். இத்தாலிய நகரங்களில் மின்பலகையில் 'வார்கோ அத்தீவோ' (நேர்ப்பொருள்: செயல்படும் வாசல்) என்று வந்தால் கேமரா வேலை செய்கிறது, நுழையக் கூடாது என்று பொருள். வழி திறந்திருக்கிறது என்று நினைத்துப் போகிறவர்கள் நிறைய. ஒவ்வொரு நுழைவுக்கும் தனி அபராதம். கார் நிறுவனம் உங்கள் முகவரியைக் காவல்துறைக்குக் கொடுத்ததற்கே ஒரு கட்டணத்தைக் கார்டில் பிடிக்கும். அபராதச் சீட்டு பல மாதம் கழித்து வீட்டுக்கு வரும். உள்ளே அறை எடுத்திருந்தால், போவதற்கு முன்பே ஓட்டலுக்கு வண்டி எண்ணை அனுப்பி, பதிவு செய்துவிட்டார்களா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். மற்றவர்கள் வெளியே நிறுத்திவிட்டு நடக்கலாம். நீலக் கோடு கட்டண இடம், வெள்ளைக் கோடு இலவசம், மஞ்சள் நமக்கு இல்லை.

எங்களைக் கேட்டால், லூக்காவுக்குக் காரே வேண்டாம். பீசாவிலிருந்து ரயிலில் சுமார் அரை மணி நேரம், ஃபுளோரன்ஸிலிருந்து ஒன்றே கால் மணிக்குக் கொஞ்சம் கூட. காகித டிக்கெட் வாங்கினால் ஏறுவதற்கு முன் நடைமேடையில் உள்ள இயந்திரத்தில் முத்திரை குத்த வேண்டும். மறந்தால் டிக்கெட் இருந்தும் அபராதம். ஸ்டேஷனுக்கு எதிரிலேயே மதில். நேரே புல்வெளியைக் கடந்தால் மதிலுக்குள் ஒரு சிறு சுரங்கவழி இருக்கிறது, ஆனால் படி ஏற வேண்டும். பெட்டி இருந்தால் இடது பக்கம் நடந்து சான் பியேத்ரோ வாசல் வழியே போங்கள்.

இந்த மதிலை ரோமானியர் கட்டியதாகப் பலர் நினைக்கிறார்கள். ஊர்தான் கி.மு. 180இல் ரோமானியக் குடியேற்றமானது. மதில் 16, 17ஆம் நூற்றாண்டுகளில் பீரங்கிக்கு ஈடுகொடுக்கக் கட்டியது. சுற்றளவு 4 கிலோமீட்டருக்குச் சற்று மேல், உயரம் சுமார் 12 மீட்டர். வெளியே செங்கல், உள்ளே மண். மேலே மர நிழலில் அகலமான பாதை. சைக்கிளில் ஒரு சுற்று அரை மணிக்குள் முடியும். வாடகை சைக்கிள் சாந்தா மரியா சதுக்கத்தில் கிடைக்கும்.

மேலே போனால் குழந்தைகளின் கையை விடாதீர்கள். கொத்தளங்களில் புல்வெளி வெளிப்பக்கமாகச் சரிந்து போகும், பல இடங்களில் கைப்பிடிச் சுவர் கிடையாது. உள்ளிருந்து பார்த்தால் அந்தப் பக்கமும் புல்தான் தொடர்வது போலத் தெரியும். கிட்டே போனால்தான் பள்ளம் கண்ணில் படும். செல்ஃபிக்காகப் பின்னால் நகர்வதற்கு இதைவிட மோசமான இடம் கிடையாது. இருட்டிய பிறகு ஓரத்துக்கே போக வேண்டாம்.

ரோமானியச் சுவரைப் பார்க்க விரும்புபவர்கள் சாந்தா மரியா தெல்லா ரோசா என்ற சிறிய தேவாலயத்துக்குள் போக வேண்டும்; அதன் உட்சுவரில் ஒரு பக்கம் பழைய பெருங்கற்கள் அப்படியே நிற்கின்றன. சான் மிக்கேலே தேவாலயம் இருப்பது ரோமானியச் சந்தைவெளியின் மேல். ஆம்ஃபிதியேட்டர் சதுக்கத்தை மட்டும் அவசரமாகக் கடந்துவிடாதீர்கள். அது முட்டை வடிவில் இருப்பதற்குக் காரணம், வீடுகள் பழைய அரங்கின் சுவர்களையே முதுகாக வைத்து எழுந்ததுதான். 1830இல் நொத்தோலினி என்ற கட்டடக் கலைஞர் நடுவில் அடைத்திருந்தவற்றை இடித்து வெளியாக்கினார். ரோமானியத் தரை இன்றைய தரைக்குச் சில மீட்டர் கீழே. சதுக்கத்தின் வெளிப்பக்கத் தெருவில் ஒரு சுற்று வாருங்கள். வீட்டுச் சுவர்களுக்கு நடுவே பழைய வளைவுகள் தெரியும்.

குயினிஜி கோபுரத்தில் 200க்கு மேல் படிகள், லிஃப்ட் இல்லை. முழங்கால் வலி உள்ளவர்கள் தவிர்க்கலாம். அக்டோபர் கடைசி, நவம்பர் தொடக்கத்தில் காமிக்ஸ் விழா நடக்கும். அப்போது அறை கிடைப்பது கடினம். சைவர்களுக்குக் கடலை மாவில் சுட்ட 'செச்சீனா' உண்டு, ஆனால் ஃபார்ரோ என்ற கோதுமை வகையில் செய்யும் சூப்பில் பன்றிக்கொழுப்பு சேர்ப்பது வழக்கம், கேட்டுவிட்டே வாங்குங்கள். பிற்பகல் இரண்டரை மணிக்கு மேல் பல உணவகங்கள் அடுப்பை அணைத்துவிடும், ஏழரை வரை திறக்காது.