இடிக்கும் முன் ஒரு தட்டு தட்டிப் பாருங்கள்

உள் அலங்காரத் தொழிலுக்கு வந்த புதிதில் செய்த ஒரு வேலையை நினைத்தால் எனக்கு இன்றும் கூச்சமாக இருக்கிறது. சென்னையில் எண்பதுகளில் கட்டிய ஒரு வீடு. 500 சதுர அடிக்கு மொசைக் தரை. மங்கிப் போயிருந்ததே தவிர, ஒரு விரிசல் கிடையாது. வீட்டுக்காரர் பளபளவென்று விட்ரிஃபைடு டைல்ஸ் கேட்டார். நானும் சரி என்று தலையாட்டிவிட்டேன். அடியில் இருந்த கலவையோடு சேர்த்து 2 அங்குல ஆழத்துக்குக் கொத்தினோம். கணக்குப் போட்டால் 83 கன அடி, கிட்டத்தட்ட 5 டன் ரப்பிஷ். சித்தாள்கள் அதை மூட்டை மூட்டையாக இரண்டு மாடி இறக்கினார்கள். வண்டிக்காரர் எங்கே கொண்டுபோய்க் கொட்டினார் என்று நான் கேட்கக்கூட இல்லை.

பிறகு வேறொரு வீட்டில் மொசைக் பாலிஷ் போடுகிறவர் ஒருவரைப் பார்த்தேன். முதலில் கரடுமுரடான கல், அப்புறம் படிப்படியாக நைசான கல், கடைசியில் ஆக்ஸாலிக் பொடி போட்டுத் தேய்த்தார். நாற்பது வருட அழுக்கு போய், உள்ளே இருந்த பச்சை, கறுப்புச் சில்லுகள் மேலே வந்தன. பழைய கதையை அவரிடம் சொன்னேன். “கொத்தி முடிச்சப்புறம் என்னைக் கூப்பிட்டா நான் என்ன மேடம் பண்றது?” என்று சிரித்தார்.

அன்றிலிருந்து எந்த வீட்டுக்குப் போனாலும் முதலில் தரையைத் தட்டிப் பார்ப்பேன். டைல்ஸ் தரையில் டொக்டொக்கென்று வெற்றொலி கேட்டால் அடியில் பிடிப்பு விட்டுவிட்டது, பெயர்த்துத்தான் ஆகவேண்டும். கெட்டியான ஓசை வந்தால் அதன் மேலேயே பசை போட்டுப் புது டைல்ஸ் ஒட்டலாம். தரை அரை அங்குலத்துக்கு மேல் உயரும், கதவுகளின் அடியை இழைக்க வேண்டிவரும், அவ்வளவுதான். மொசைக் தரையோ ரெட் ஆக்சைடு தரையோ இருக்கிற வீட்டில், தயவுசெய்து அதன் மேல் எதையும் ஒட்டாதீர்கள்.

‘சஸ்டெயினபிள்’, அதாவது சூழலைக் கெடுக்காத அலங்காரம் என்று கேட்டு வருகிறவர்களில் பலர் மூங்கில் விளக்கையும் சணல் திரையையும்தான் மனதில் வைத்திருக்கிறார்கள். நல்ல பொருட்கள்தான். ஆனால் நான் பார்த்தவரை குப்பையின் பெரும்பகுதி வரைபடத்திலேயே தீர்மானமாகிவிடுகிறது.

பிளைவுட்டை எடுத்துக்கொள்வோம். ஒரு ஷீட் 8க்கு 4 அடி, அதாவது 2440க்கு 1220 மில்லிமீட்டர். 7 அடி உயர வார்ட்ரோபின் ஆழத்தை 605 என்று வரைந்தால், ரம்பம் தின்னும் 3 மில்லிமீட்டர் போக, ஒரு ஷீட்டில் இரண்டு பக்கப் பலகை கிடைக்கும். 6 பலகைக்கு 3 ஷீட். அதே ஆழத்தை 625 என்று வரைந்தால் ஷீட்டுக்கு ஒன்றுதான் தேறும். 6 பலகைக்கு 6 ஷீட்! மிஞ்சும் 59 சென்டிமீட்டர் பட்டைகளில் கொஞ்சம் உள்தட்டுக்குப் போகும், மீதி பால்கனி மூலையில் சாய்ந்து நின்று கடைசியில் குட்டியானை வண்டியில் ஏறும். வெறும் 2 சென்டிமீட்டர் விவகாரம் இது. மரம் வாங்கும் முன் ஆசாரியோடு உட்கார்ந்து எந்த ஷீட்டில் எதை அறுப்பது என்று தாளில் வரைந்து பார்க்க ஒரு மணி நேரம் போதும். டிசைனரிடம் அந்தத் தாளைக் கேளுங்கள். கேட்க உங்களுக்கு உரிமை இருக்கிறது.

அடுத்த தொல்லை பசை. பிளைவுட்டின் மேல் மைக்காவை ஒட்டிவிட்டால் பிறகு இரண்டையும் சேதமில்லாமல் பிரிப்பது கஷ்டம். மலிவு விலை துகள் பலகையில் ஒருமுறை ஸ்குரூவைக் கழற்றினால், மறுமுறை அதே ஓட்டையில் சரியாகப் பிடிக்காது. வீடு மாறும்போது இவை குப்பைதான். பாட்டியின் இரும்பு பீரோவைப் பாருங்கள்: ஊர் ஊராகப் போகும், பெயின்ட் அடித்தால் புதுசு, அப்படியே ஆயுள் முடிந்தாலும் பழைய இரும்புக் கடைக்காரர் காசு கொடுத்து எடுத்துப்போவார். ‘அசிங்கமாக இருக்கிறது’ என்று தூக்கிப்போடச் சொன்ன பீரோக்களில் இரண்டுக்கு அந்த வீட்டு மரச்சாமான்களின் நிறத்துக்கு இசைந்த வண்ணம் அடித்துக் கொடுத்தேன். இப்போது விருந்தாளிகள் எங்கே வாங்கினீர்கள் என்று கேட்கிறார்களாம்.

பழைய மரம் வாங்குகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. காரைக்குடியிலிருந்து பழைய தேக்குக் கதவு கொண்டுவந்து மேசையாக்குவது அழகு. ஆனால் உள்ளே ஒரு ஆணி தங்கியிருந்தாலும் ரம்பத்தின் பல் போய்விடும். அதனால் சில ஆசாரிகள் பழைய மரத்தைத் தொடவே தயங்குவார்கள். கூலி கூடத்தான் வரும். மலிவாக முடியும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

எவ்வளவு பார்த்துச் செய்தாலும் கொஞ்சம் இடிபாடு வரும். மராமத்து வேலையில் சேரும் இடிபாட்டைப் பிரித்து வைப்பது வீட்டுக்காரரின் பொறுப்பு என்று 2016-லேயே மத்திய அரசு விதி வந்துவிட்டது. சென்னையில் பெருங்குடியிலும் கொடுங்கையூரிலும் இதற்கான மறுசுழற்சி ஆலைகள் இருக்கின்றன. கான்கிரீட்டும் செங்கல்லும் அங்கே நொறுங்கி மறுபடி ஜல்லியும் மணலும் ஆகும். அதே மூட்டையில் தெர்மோகோலும் பெயின்ட் டப்பாவும் கலந்திருந்தால் அந்த வேலை கெட்டுவிடும். அதனால் முதல் நாளே தனித்தனிச் சாக்கு வைத்துவிடுங்கள். உடைந்த வெள்ளை டைல்ஸை மட்டும் கொடுத்துவிடாதீர்கள். மொட்டை மாடியில் சில்லுகளாகப் பதித்தால் வெயிலைத் திருப்பி அனுப்பும், கீழே அறையில் வித்தியாசம் தெரியும்.

உடையாமல் மிஞ்சிய டைல்ஸில் ஐந்தாறை, பேட்ச் எண் அச்சான அட்டைப் பெட்டியோடு லாஃப்டில் போட்டு வையுங்கள். ஐந்து வருடம் கழித்துக் குழாய் ஒழுகி பிளம்பர் ஒரு டைலை உடைக்கும்போது, அதே நிறம் கடையில் கிடைக்காது. அந்த ஒரு டைலுக்காக முழு பாத்ரூமையும் பெயர்த்தவர்களை எனக்குத் தெரியும்.