என்டரோபியஸ் வெர்மிகுலாரிஸ் என்றால் நம் கீரிப்பூச்சிதான்

பிள்ளைக்கு வயிற்றுவலி வந்து, குடல்வாலை (அப்பென்டிக்ஸ்) ஆபரேஷன் செய்து எடுத்து, பரிசோதனைக்கு அனுப்பியிருப்பார்கள். சில நாள் கழித்து வரும் ரிப்போர்ட்டில் 'என்டரோபியஸ் வெர்மிகுலாரிஸ்' என்று இருந்தால் எந்தப் பெற்றோருக்கும் பதறும். பயப்பட வேண்டாம், ராத்திரியில் ஆசனவாயில் அரிப்பெடுத்துக் குழந்தைகளைத் தூங்கவிடாமல் செய்யும் கீரிப்பூச்சிதான் அது. சில ஊர்களில் கீரைப்பூச்சி என்பார்கள்.

கிரேக்கத்தில் என்டரோன் என்றால் குடல், பயோஸ் என்றால் வாழ்வு, ஆக என்டரோபியஸ் 'குடலில் வாழ்வது'. வெர்மிகுலாரிஸ் லத்தீன். வெர்மிஸ் என்றால் புழு, வெர்மிகுலஸ் என்றால் சின்னப் புழு. மண்புழு உரத்தை வெர்மிகம்போஸ்ட் என்கிறோமே, அதே வேர்தான், சேமியாவுக்கு இத்தாலியர் வைத்த வெர்மிசெல்லி என்ற பேரும் அதிலிருந்து வந்ததுதான். 1758-இல் ஸ்வீடன் நாட்டு உயிரியலாளர் லின்னேயஸ் இந்தப் புழுவுக்கு வெர்மிகுலாரிஸ் என்று பேர் வைத்தார். எனக்கு மிகவும் பிடித்த விஷயம், குடல்வாலின் முழுப் பேரும் 'வெர்மிஃபார்ம் அப்பென்டிக்ஸ்', அதாவது புழு வடிவில் தொங்கும் உறுப்பு. புழு மாதிரி இருக்கும் உறுப்புக்குள் புழு!

சரி, தமிழில் எப்படி எழுதுவது? பெண்புழுவின் வால் ஊசிபோலக் கூர்மையாக இருப்பதால் ஊசிப்புழு என்பது நன்றாகப் பொருந்துகிறது. நூற்புழு என்று எழுதுவதை நான் ஏற்கமாட்டேன், ஏனென்றால் வேளாண்மையில் பயிரின் வேரைத் தாக்கும் புழுக்கள் உட்பட ஒரு பெரிய இனத்துக்கே அந்தப் பேர் ஏற்கெனவே போய்விட்டது. பேச்சில் கீரிப்பூச்சி, எழுத்தில் ஊசிப்புழு, நோய்க்கு ஊசிப்புழுத் தொற்று, இது போதும். அப்பென்டிக்ஸுக்குத் தமிழ்நாட்டில் குடல்வால், இலங்கையில் குடல்வளரி, இரண்டும் நல்ல சொற்கள்.

ஆனால் 'குடல்வால் அழற்சி' (அப்பென்டிசைட்டிஸ்) என்பதையும் ஊசிப்புழுத் தொற்றையும் ஒன்றாக்கிவிடக் கூடாது. புழு இருந்த குடல்வால் பலவற்றில் அழற்சியே இருக்காது, வலி மட்டும் அச்சு அசலாக அப்பென்டிசைட்டிஸ் மாதிரியே வரும். அப்புறம், குடல்வாலை எடுத்ததால் புழு போய்விடாது, பெருங்குடலின் தொடக்கத்திலும் அது குடியிருக்கும். அதனால் டாக்டர் சொல்படி அல்பென்டசோல் போன்ற பூச்சி மாத்திரை கொடுத்து, இரண்டு வாரம் கழித்து இன்னொரு முறையும் கொடுக்க வேண்டும். முட்டை விரல்நகத்திலும் படுக்கைவிரிப்பிலும் ஒட்டிக்கொண்டு பரவுவதால் வீட்டில் எல்லாருக்குமே மாத்திரை தரச் சொல்வது வழக்கம்.