குண்டு போய்ச் சேருமுன் கண் திரும்புமா?

அமெரிக்காவின் வயோமிங் மாநிலம், ஜனவரி மாதக் காலை. சேஜ் புதர் மண்டிய ஒரு மேட்டில் வேட்டைக்காரர் ஒருவர் கால் நீட்டி உட்கார்ந்திருக்கிறார். அடிபட்ட முயல் அலறுவதுபோல் ஓர் ஊதலை ஊதிக்கொண்டே இருக்கிறார். கால் மணி நேரம் கழித்து, பள்ளத்திலிருந்து ஒரு கயோட்டி தலைநீட்டுகிறது. நரியைவிடப் பெரியது, ஓநாயைவிடச் சிறியது, பெரும்பாலும் 15 கிலோவைத் தாண்டாத நாய்க்குலத்து விலங்கு. 200 மீட்டரில் நிற்கிறது. விசை அழுந்துகிறது.

அடுத்த கணம் ஸ்கோப்பில், அதாவது துப்பாக்கி மேல் மாட்டிய குறிபார்க்கும் தொலைநோக்கியில், கயோட்டி இல்லை. ஒரு கீற்று வானம், ஒரு கறுப்பு வளையம், பிறகு வெறும் புதர். பட்டதா, தவறியதா? தவறியது என்றால் மேலேயா, கீழேயா, பக்கத்திலா? காயத்தோடு பள்ளத்துக்குள் போய்விட்டதா? சுட்டவருக்கே தெரியாது. குண்டு போய்ச் சேர்ந்த அந்தக் கணத்தில் அவர் கண் வேறெங்கோ இருந்தது.

இந்தியாவில் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு வேட்டை என்ற பேச்சுக்கே பெரும்பாலும் இடமில்லை. வயோமிங்கில் கயோட்டி ஆட்டுக்குட்டிகளைத் தூக்கும் விலங்கு. ஆண்டு முழுவதும் சுடலாம். அது சரியா தவறா என்பது வேறு விவாதம். ஆனால் சுடுகிறவர் தன் குண்டு எங்கே பட்டது என்று பார்த்தாக வேண்டும். பார்க்காவிட்டால் அடுத்த குண்டைத் திருத்த முடியாது, காயம்பட்ட விலங்கைத் தேடிப்போகவும் தெரியாது. பார்க்க விடாமல் தடுப்பது துப்பாக்கியின் உதைப்பு.

பள்ளிக்கூடத்தில் உந்த அழிவின்மை விதிக்கு நாம் போட்ட கணக்கே துப்பாக்கிக் கணக்குதான். குண்டின் நிறை, வேகம், துப்பாக்கியின் நிறை கொடுத்து, பின்னியக்க வேகம் கேட்பார்கள். மதிப்பெண்ணும் வாங்கியிருப்போம். ஆனால் அந்தக் கணக்கு ஒன்றை விட்டுவிடுகிறது: வெடிமருந்து. குண்டுக்குப் பின்னால் எரிந்து வாயுவாகும் அந்த மருந்துக்கும் நிறை உண்டு. அது குண்டைவிட வேகமாகக் குழலை விட்டு வெளியேறுகிறது.

கயோட்டி வேட்டையில் அதிகம் புழங்கும் .223 ரெமிங்டன் தோட்டாவை எடுத்துக்கொள்வோம். குண்டு 55 கிரெயின், அதாவது 3.56 கிராம். வேகம் விநாடிக்கு சுமார் 988 மீட்டர். பெருக்கினால் உந்தம் 3.5. மருந்து ஏறக்குறைய 1.65 கிராம்; அதன் வாயு விநாடிக்கு 1,200 மீட்டர் வாக்கில் வெளியேறுகிறது என்று வைத்தால் இன்னொரு 2. மொத்தம் 5.5 கிலோகிராம் மீட்டர்/விநாடி. இந்த எண் மனதில் பதிய வேண்டுமானால் கிரிக்கெட்டுக்குப் போங்கள்: 160 கிராம் பந்து மணிக்கு 125 கிலோமீட்டர் வேகத்தில் வந்தால் அதன் உந்தமும் ஏறத்தாழ இதே 5.5தான். மிதவேகப் பந்துவீச்சாளரின் பந்தை விக்கெட் கீப்பர் பிடிக்கும்போது கைக்கு வருகிற தள்ளல், .223 சுடும்போது தோளுக்கு வருகிறது.

ஆனால் தோள் வலிக்காது. 3.6 கிலோ துப்பாக்கி அந்த உந்தத்தை வாங்கிக்கொண்டு விநாடிக்கு 1.5 மீட்டர் வேகத்தில்தான் பின்னால் வருகிறது. அதன் ஆற்றல் 4 ஜூலைச் சற்றே தாண்டும், அவ்வளவுதான். அதே உந்தம் கொண்ட பந்திடம் 95 ஜூல். முன்னால் பறக்கும் குண்டிடம் 1,700 ஜூலுக்கு மேல். கனமான பொருள் மெதுவாக வருவதால் ஆற்றல் சிறுத்துவிடுகிறது. ஆகவே இங்கே பிரச்சினை வலி அல்ல, பார்வை. தோளுக்கு ஒன்றுமே இல்லாத உதைப்புகூட ஸ்கோப்பில் இருக்கும் படத்தைக் கலைக்கப் போதுமானது.

எவ்வளவு அசைந்தால் படம் போகும்? 10 மடங்கு உருப்பெருக்கத்தில், 100 மீட்டர் தூரத்தில் ஸ்கோப் காட்டும் அகலம் சுமார் மூன்றரை மீட்டர். நடுவில் நிற்கும் கயோட்டியிலிருந்து ஓரத்துக்கு ஒரு டிகிரிதான். தோளில் பதிந்த கட்டையிலிருந்து குழல் முனை வரை ஒரு மீட்டர் என்றால், ஒரு டிகிரி என்பது முனையில் 18 மில்லிமீட்டர். சுண்டுவிரல் அகலத்தைவிடக் கொஞ்சம் அதிகம். அவ்வளவு எழுந்தால் விலங்கு படத்தை விட்டுப் போய்விடும்.

அந்தக் கறுப்பு வளையம் இன்னொரு கதை. ஸ்கோப்பின் பின்புறம் ஒளி ஒரு மெல்லிய தூணாக வெளியே வருகிறது. கண்ணின் பாவை அதற்குள் இருந்தால்தான் படம் தெரியும். முன் கண்ணாடியின் விட்டத்தை உருப்பெருக்கத்தால் வகுத்தால் தூணின் தடிமன் கிடைக்கும். 40 மில்லிமீட்டர் கண்ணாடி, 10 மடங்கு என்றால் வெறும் 4 மில்லிமீட்டர். உதைப்பில் ஸ்கோப் கொஞ்சம் நகர்ந்தாலே கண் தூணுக்கு வெளியே. உருப்பெருக்கத்தை 5 ஆகக் குறைத்தால் தூண் 8 மில்லிமீட்டர் ஆகிறது, காட்சியின் அகலமும் இரண்டு மடங்காகிறது. ஒரு பைசா செலவில்லாத வைத்தியம் இது. ஆனாலும் புதியவர்கள் ஸ்கோப்பை அதன் கடைசி எண் வரைக்கும் திருகி வைப்பார்கள், காசு கொடுத்து வாங்கியாயிற்றே என்று.

இனி நேரக் கணக்கு. விஷயம் முழுக்க இதில்தான் இருக்கிறது.

மருந்து தீப்பற்றியதிலிருந்து குண்டு குழலை விட்டு வெளியேற ஆயிரத்தில் ஒரு பங்கு விநாடிக்குச் சற்றுக் கூடுதல். அதற்குள் துப்பாக்கி பின்னால் நகர்ந்திருப்பது ஒரு மில்லிமீட்டர்கூட இல்லை. நாம் உணரும் உதைப்பில் ஏறக்குறைய எல்லாமே குண்டு போன பிறகு நடப்பது. அடுத்த சில மில்லிவிநாடிகளில் வாயு ராக்கெட்போலப் பீறிட்டு மேலும் தள்ளுகிறது. 30 முதல் 50 மில்லிவிநாடிக்குள் சத்தத்துக்கு இமை மூடத் தொடங்குகிறது. இது அனிச்சை, கட்டளை போட்டு நிறுத்துவது கடினம். இதே நேரத்தில் தோள் பின்வாங்கி, முனை எழும்பி, மறுபடி இறங்குகிறது. குண்டோ 100 மீட்டரை சுமார் 0.11 விநாடியில் கடக்கிறது. 200 மீட்டருக்கு 0.23, 300 மீட்டருக்கு 0.37.

ஆக, இது ஒரு பந்தயம். குண்டு விலங்கை அடைவதற்குள் துப்பாக்கியும் இமையும் பழைய இடத்துக்குத் திரும்பியாக வேண்டும். பந்தயம் என்று பார்த்தால் விசித்திரமான ஒன்று புலப்படும்: 300 மீட்டரில் நிற்கும் கயோட்டியின் மேல் குண்டு படுவதைப் பார்ப்பது, 100 மீட்டரில் நிற்பதன் மேல் படுவதைப் பார்ப்பதைவிட எளிது. தூரம் நமக்கு அவகாசம் தருகிறது. பக்கத்தில் நிற்கும் விலங்கின்மேல் குண்டு பாயும்போது இமையே இன்னும் திறந்திருக்காது.

உதைப்பை எப்படிக் குறைப்பது? முதல் வழி, உதைப்பே குறைவான தோட்டாவை எடுப்பது. .22-250 ரெமிங்டன் இதே 55 கிரெயின் குண்டை விநாடிக்கு 1,120 மீட்டருக்குத் தள்ளும், ஆனால் அதற்கு 2.3 கிராம் மருந்து வேண்டும். மொத்த உந்தம் 6.8. மான் வேட்டைக்காரர்களின் .308இல் அது 12ஐ நெருங்குகிறது. மறுபக்கம், 1971இல் வந்த .17 ரெமிங்டனின் குண்டு வெறும் 1.6 கிராம், வாயுவையும் சேர்த்து உந்தம் 4ஐத் தொடாது. 2004இல் வந்த .204 ரூகர் 5க்குப் பக்கத்தில் நிற்கிறது. 5.5க்கும் 4க்கும் பெரிய வித்தியாசமா என்று தோன்றும். மேலே எறிந்த கல்லை நினைத்துப் பாருங்கள்: இரண்டு மடங்கு வேகத்தில் எறிந்தால் நான்கு மடங்கு உயரம் போகும். முனை எழும்புவதும் அந்த ரகம்தான். உதைப்பைக் கொஞ்சம் குறைத்தாலே எழும்புதல் நிறையக் குறையும். சின்னக் குண்டைக் காற்று தள்ளிக்கொண்டு போய்விடும் என்பது உண்மை. வயோமிங்கில் காற்றுக்குப் பஞ்சமில்லை. இருந்தாலும் என்னைக் கேட்டால், கருவி வாங்கி மாட்டுவதற்கு முன்னால் தோட்டாவைத்தான் மாற்றச் சொல்வேன்.

எடையைக் கூட்டுவது அடுத்தது. துப்பாக்கி இரண்டு மடங்கு கனமானால் உதைப்பு வேகமும் பாதி, ஆற்றலும் பாதி. ஆனால் கயோட்டி வேட்டை ஓரிடத்தில் உட்கார்ந்து செய்வதல்ல. ஊதிப் பார்த்து, ஒன்றும் வரவில்லை என்றால் எழுந்து பனியில் நடந்து அடுத்த மேடு. தடித்த குழல் மாட்டிய 5 கிலோ துப்பாக்கியை மதியம்வரை தோளில் சுமந்தவர் தானாகவே இலேசானதைத் தேடுவார். கட்டையின் முனையில் ஒட்டும் ரப்பர் பட்டையோ உந்தத்தைத் தொடுவதே இல்லை. பந்தைப் பிடிக்கும்போது கையைப் பின்னால் இழுப்பதுபோல நேரத்தை நீட்டுகிறது. தோளுக்கு இதம், ஸ்கோப்புக்கு அவ்வளவு பலனில்லை.

மசில் பிரேக் என்ற கருவிதான் சுவாரசியமானது. குழல் முனையில் மாட்டும் ஒரு சிறு உருளை, பக்கவாட்டில் துளைகள். குண்டு நேராகப் போய்விடும், பின்னால் வரும் வாயு துளைகளின் சுவரில் மோதிப் பக்கவாட்டில் திரும்பும். மோதும்போது துப்பாக்கியை முன்னோக்கி இழுக்கும். மேலே துளை இருந்தால் முனையைக் கீழேயும் அழுத்தும். .223இல் வாயுவின் பங்கு 5.5இல் 2 என்று பார்த்தோம். வாயு முழுவதையும் சரியாகப் பக்கவாட்டில் திருப்பினால் மிஞ்சுவது குண்டின் 3.5 மட்டும். உந்தத்தில் 36 சதவீதம் குறைவு. ஆற்றல் வேகத்தின் இருமடியைப் பொறுத்தது என்பதால், அது 60 சதவீதம் குறைகிறது. ஒரே கருவி, ஒரே கணக்கு, இரண்டு எண்கள். விளம்பரத்தில் எந்த எண் வரும் என்று சொல்லத் தேவையில்லை. துளைகளைப் பின்பக்கம் சாய்த்தால் இன்னும் அதிகமாக இழுக்கும். மருந்து அதிகமுள்ள .22-250இல் வாயுவின் பங்கு 40 சதவீதத்தைத் தாண்டுவதால் பிரேக் அங்கே இன்னும் நன்றாக வேலை செய்யும்.

சரி, பிரச்சினை தீர்ந்ததா? வாயுவோடு சத்தமும் சுடுகிறவரின் காதுப் பக்கம் திரும்புகிறது. பிரேக் இல்லாமலேயே இந்தத் துப்பாக்கிகளின் வெடிச்சத்தம் 160 டெசிபல் அளவில் இருக்கும்; 140ஐத் தாண்டினாலே ஒரே வெடி செவியைக் கெடுக்கலாம். காதடைப்பு இல்லாமல் பிரேக் மாட்டிச் சுடுவது மடத்தனம். இன்னொன்று, சத்தமும் முகத்தில் மோதும் காற்றழுத்தமும் கூடினால் இமை இன்னும் இறுக மூடும். துப்பாக்கி அசையாமல் நிற்கிறது, ஸ்கோப்பில் படம் அப்படியே இருக்கிறது, பார்க்க வேண்டிய கண் மூடியிருக்கிறது. தரையில் படுத்துச் சுட்டால் பக்கத் துளைகளிலிருந்து பாயும் வாயு தூசியையோ பொடிப்பனியையோ கிளப்பி எதிரே திரை போட்டுவிடும்.

இந்த இடத்தில் சைலன்சர் வருகிறது. திரைப்படங்களில் கேட்கிற “ப்யூ” சத்தத்தை மறந்துவிடுங்கள்; ஒலியைவிட வேகமாகப் பறக்கும் குண்டு காற்றைக் கிழிக்கும் வெடிப்பொலி அப்படியே இருக்கும். சைலன்சர் செய்வது, வாயுவை உள்ளறைகளில் சுழலவிட்டு வேகமும் அழுத்தமும் தணிந்த பிறகு மெதுவாக வெளியே விடுவது. அந்த ராக்கெட் தள்ளல் மழுங்குகிறது. முனையில் கால் கிலோ, அரை கிலோ எடை தொங்குவதால் முனை எழவும் தயங்குகிறது. உதைப்பைக் குறைப்பதில் நல்ல பிரேக்கை அது எட்டாது. ஆனால் குழல் முனையின் சத்தம் 20, 30 டெசிபல் குறைவதால் இமை திறந்திருக்க வாய்ப்பு அதிகம். பந்தயத்தில் கண்ணும் ஓடுகிறது என்பதால் எனக்கு இதுவே மேலாகப் படுகிறது.

இதைக் கண்டுபிடித்த ஹைரம் பெர்சி மாக்ஸிம் 1909இல் காப்புரிமை பெற்றார். அவருடைய அப்பா ஹைரம் ஸ்டீவன்ஸ் மாக்ஸிம் 1880களில் உருவாக்கிய இயந்திரத் துப்பாக்கி உதைப்பைக் குறைக்கவில்லை, வேலைக்கு வைத்துக்கொண்டது: ஒவ்வொரு குண்டின் உதைப்பும் காலித் தோட்டாவை வெளியே தள்ளி அடுத்ததை ஏற்றியது. அப்பா உதைப்பிலிருந்து இயந்திரம் செய்தார், மகன் அதே வாயுவை அடக்கப் பார்த்தார். அமெரிக்காவில் 1934 சட்டம் சைலன்சருக்கு 200 டாலர் வரி போட்டது. அன்றைக்கு அது துப்பாக்கியைவிட அதிக விலை. எளிய வேட்டைக்காரர் கைக்கு அது நெடுங்காலம் எட்டவில்லை.

எந்தக் கருவியும் இல்லாமல் உடம்பை வைத்தே சாதிப்பவர்களும் உண்டு. என்.சி.சி. முகாமில் .22 சுட்டவர்களுக்கு “கட்டையைத் தோளோடு இறுக்கு” என்ற அதட்டல் நினைவிருக்கும். இடைவெளி விட்டால் துப்பாக்கி வேகம் பிடித்து வந்து இடிக்கும். ஒட்டி இருந்தால் உடம்பின் எடையும் அதோடு சேர்ந்துகொள்ளும். உதைப்பின் கோடு குழல் வழியாக வருகிறது, தோள் அதற்குச் சில சென்டிமீட்டர் கீழே தாங்குகிறது. முனை எழுவதே அந்த இடைவெளியால்தான். கட்டை குழலுக்கு நேர்க்கோட்டில் அமைந்த துப்பாக்கிகள் குறைவாக எழுவதன் காரணமும் அதுவே. உடம்பு துப்பாக்கிக்கு நேர் பின்னால் இல்லாமல் சாய்ந்திருந்தால் முனை பக்கவாட்டில் ஓடும். நேர் பின்னால் இருந்தால் பின்னால் போய் அதே தடத்தில் திரும்பி வரும். விசையை அழுத்திய விரலை உடனே எடுக்காமல், கன்னத்தைக் கட்டையிலிருந்து தூக்காமல் ஒரு விநாடி அப்படியே இருப்பது பாதி வெற்றி.

அப்படி இருந்தவருக்கு அந்த வயோமிங் காலை வேறு மாதிரி முடியும். படம் ஒரு துள்ளு துள்ளி நிற்கிறது. 0.23 விநாடியில் கயோட்டியின் தோளருகே ரோமம் சிலிர்ப்பது தெரிகிறது, கால் மடிகிறது. குண்டு பட்ட சத்தம் காற்றில் 200 மீட்டர் திரும்பி வர இன்னும் அரை விநாடிக்கு மேல் ஆகும். கண் பார்த்து முடித்த பிறகுதான், ஈரத் துணியைக் கல்லில் அடித்ததுபோல் ஒரு “தொப்” காதுக்கு வந்து சேர்கிறது.