பருப்பைக் குறைத்தால் செலவு குறைகிறதா?

சர்க்கரை நோய்க்காக உணவு ஆலோசனைக்கு வருகிறவர்களிடம் "என்ன சாப்பிடுகிறீர்கள்" என்று நான் முதலில் கேட்பதில்லை. கேட்டால் பரீட்சைக்குப் படித்து வந்த மாதிரி பதில் வரும். வீட்டில் எத்தனை பேர், மாதத்துக்கு எத்தனை லிட்டர் எண்ணெய், எத்தனை கிலோ பருப்பு என்று கேட்பேன். மளிகைக் கணக்கை யாரும் மறைப்பதில்லை. ஈரோடு பக்கம் நான் பார்க்கும் குடும்பங்களில் அடிக்கடி கேட்கும் பதில் இது: நாலு பேர், நாலு லிட்டர் எண்ணெய், ஒரு கிலோ துவரம் பருப்பு. அந்த ஒரு கிலோவும் ரேஷனில் 30 ரூபாய்க்கு வாங்கியது.

"வெளிய கடைல பருப்பு விக்கற வெலைக்கு வேற என்னங்க மேடம் பண்றது?"

நியாயமான கேள்விதான். ஆனால் கணக்கைப் போட்டுப் பாருங்கள். ஒரு கிலோ பருப்பு நாலு பேருக்கு 30 நாள் என்றால், ஆளுக்கு ஒரு நாளைக்கு 8 கிராம். துவரம் பருப்பில் 100 கிராமுக்குச் சுமார் 22 கிராம் புரதம். அப்படியானால் அந்த சாம்பாரிலிருந்து ஒருவருக்குக் கிடைக்கும் புரதம் 2 கிராம்கூட இல்லை. குழம்பு தண்ணீராக ஓடுகிறது, ருசி இல்லை. ருசிக்காகப் பாக்கெட் பொடி இன்னொரு கரண்டி, தாளிக்க இன்னொரு குழிக்கரண்டி எண்ணெய், தொட்டுக்கொள்ள அப்பளமும் ஊறுகாயும். சாதமும் கூடுகிறது. பருப்பில் மிச்சம் பிடித்த காசு எண்ணெய்க் கடையிலும் பாக்கெட்டிலும் போய்விடுகிறது. சர்க்கரையும் ஏறுகிறது.

எண்ணெய் தலைக்கு மாதம் அரை லிட்டர் போதும் என்பது எங்கள் துறையில் பொதுவாகச் சொல்லும் கணக்கு. நாலு பேருக்கு இரண்டு லிட்டர். கடையில் வாங்கும் மற்ற இரண்டு லிட்டரை நிறுத்தினால் அந்தக் காசில் இன்னொரு கிலோ பருப்பு வாங்கலாம். கொள்ளுக்கும் தட்டைப்பயறுக்கும் மிச்சம் இருக்கும்.

உடனே வரும் மறுப்பு, "எண்ணெய் கம்மியா ஊத்துனா ருசியே இருக்காதுங்க." இதில் பாதி உண்மை. கடுகு, சீரகம், கறிவேப்பிலை, பெருங்காயம் இவற்றின் மணம் எண்ணெயில்தான் இறங்கும். தண்ணீரில் அவ்வளவாக இறங்காது. ஆனால் அதற்குத் தேவை சூடு, அளவு அல்ல. தாளிக்கும் சின்னக் கரண்டியில் இரண்டு டீஸ்பூன் எண்ணெயை நன்றாகக் காயவிட்டு, கடுகு பொரிந்து ஓய்ந்தபின் சீரகம், மிளகாய், கடைசியாகக் கறிவேப்பிலையும் பெருங்காயமும் போட்டுச் சட்டென்று குழம்பில் கவிழ்த்து மூடிவிடுங்கள். அகலமான வாணலியில் காயாத எண்ணெயில் கடுகைப் போட்டுவிட்டு, போதவில்லை என்று மேலும் ஊற்றுவதுதான் பல வீடுகளில் நடக்கிறது.

பொடியும் அப்படித்தான். அரைத்த மசாலாவில் மணம் சீக்கிரம் பறந்துவிடும். மலிவு என்று அரைக் கிலோ பாக்கெட் வாங்கி நாலு மாதம் வைத்திருந்தால், கடைசியில் நிறமும் காரமும்தான் மிஞ்சும். மல்லி, மிளகாய், மிளகு, சீரகம், கொஞ்சம் வெந்தயம், ஒரு கை கடலைப்பருப்பு. வறுத்து, ஆறவைத்து, மிக்ஸியில் பதினைந்து நாளைக்கு மட்டும் அரைத்துக்கொள்ளுங்கள். புளியைப் பருப்போடும் காயோடும் சேர்த்து வேகவைக்காதீர்கள். புளிப்பு இருந்தால் எதுவும் சீக்கிரம் குழையாது, கேஸ்தான் வீணாகும்.

இனி கொள்ளு. கொங்குப் பக்கத்தில் இதைத் தெரியாதவர்கள் இல்லை. ஆனால் சளி பிடித்தால் மட்டும் செய்கிற பண்டமாக்கிவிட்டார்கள். புரதம் துவரம் பருப்புக்குச் சமம், விலை பெரும்பாலும் குறைவு. ஒரு டம்ளர் கொள்ளைக் கல் பார்த்துக் களைந்து இரவே ஊறவையுங்கள். ஊறிய தண்ணீரைக் கொட்டிவிடுங்கள். வாயுத் தொந்தரவு தரும் சர்க்கரைகளில் ஒரு பகுதி அதோடு போய்விடும். தாராளமாகப் புதுத் தண்ணீர் விட்டுக் குக்கரில் வேகவைத்து வடித்தால், அந்தத் தண்ணீர் ரசத்துக்கு. வெந்த கொள்ளுக்கு ஒரு ஸ்பூன் எண்ணெயில் சின்ன வெங்காயம், பூண்டு, வரமிளகாய், மல்லி, சீரகம் வதக்கிச் சேர்த்து, உப்புப் போட்டுக் கொரகொரப்பாக ஆட்டினால் கொள்ளுப்பருப்பு. ஆட்டுக்கல் இருந்தால் அதில் ஆட்டுங்கள். மிக்ஸியில் மைய அரைத்தால் அந்த ருசி போய்விடுகிறது என்பது என் பிடிவாதம். வடித்த தண்ணீரில் கொஞ்சம் புளியைக் கரைத்து, மிளகு, சீரகம், பூண்டைத் தட்டிப்போட்டு நுரை கட்டியதும் இறக்கினால் ரசம். ஒரு டம்ளர் கொள்ளில் நாலு பேருக்குக் கொள்ளுப்பருப்பும் ரசமும் முடிந்தது. இரண்டுக்கும் சேர்த்து எண்ணெய் மூன்று டீஸ்பூனைத் தாண்டாது.

அரிசியும் பருப்பும் சாதத்துக்கு அவ்வளவு நேரம்கூட வேண்டாம். மூன்று பங்கு அரிசிக்கு ஒரு பங்கு பருப்பு போடுங்கள். பல வீடுகளில் பருப்பு பெயருக்குத்தான் இருக்கிறது. புரதத்தில் இருக்க வேண்டிய லைசின் என்ற அமினோ அமிலம் அரிசியில் குறைவு, பருப்பில் அது நிறைய. இரண்டும் சேர்ந்தால்தான் புரதம் முழுமையாகும். பக்கத்தில் ஒரு முருங்கைக்கீரைப் பொரியல் போதும், அப்பளம் வேண்டாம். மரம் வீட்டிலேயே இருந்தும் கீரையை ஆட்டுக்குப் போடுகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன், என்ன சொல்ல!

உப்பு விஷயம் சுருக்கமாக. பெரியவர்களுக்கு நாளொன்றுக்கு 5 கிராமுக்குள் என்கிறது உலக சுகாதார நிறுவனம். நாலு பேருக்கு மாதம் 600 கிராம். அப்பளம், ஊறுகாய், பாக்கெட் மசாலா எல்லாவற்றிலும் இருக்கும் உப்பும் இந்தக் கணக்குக்குள்தான்.

ரேஷன் பாமாயிலை ஒதுக்கச் சொல்லமாட்டேன். லிட்டர் 25 ரூபாய்க்குக் கிடைப்பதை யார் விடுவார்கள்? ஆனால் அதில் ஏறத்தாழ பாதி நிறைவுற்ற கொழுப்பு. மலிவு என்பதற்காகப் பொரித்துத் தீர்க்காமல் கடலை எண்ணெயோடு மாற்றி மாற்றிப் பயன்படுத்துங்கள்.

சிறுநீரகக் கோளாறு இருப்பவர்கள், கிரியாட்டினின் கூடியிருக்கிறது என்று சொல்லப்பட்டவர்கள் இந்தப் பருப்பு அளவைத் தாங்களாகக் கூட்ட வேண்டாம். அவர்களுக்குப் புரதத்தின் அளவே வேறு. கடைசி ரத்தப் பரிசோதனைச் சீட்டோடு உங்கள் மருத்துவரிடமோ உணவியல் ஆலோசகரிடமோ கேட்டுவிட்டுத் தொடங்குங்கள்.