மேக்கப் கண்ணாடியை ஜன்னல் பக்கம் திருப்பி வைக்காதீர்கள்

திரைச்சீலை தைத்து மாட்டுவது என் தொழில். போன ஜூன் மாதம் இங்கே சிங்கப்பூரில், ஈசூனிலிருந்து ஒரு அம்மா போன் செய்து, “தம்பி, நீங்க மாட்டின டே கர்ட்டன்ல தன்னால ஓட்டை விழுது, துணி சரியில்லை” என்றார். போய்ப் பார்த்தேன். ஜன்னலின் இடது ஓரம் ஒதுக்கிக் கட்டியிருந்த மெல்லிய பாலியஸ்டர் துணியில், அரிசி அளவில் ஏழெட்டு ஓட்டைகள், மேலிருந்து கீழே சாய்வாக ஒரே கோட்டில். விளிம்பைத் தடவினால் சின்னச் சின்ன மணியாக, கெட்டியாக இருந்தது. பூச்சி அரித்தால் அப்படி இருக்காது, உருகினால்தான் அப்படி ஆகும். பாலியஸ்டர் உருகக் கிட்டத்தட்ட 250 டிகிரி செல்சியஸ் வேண்டும். வீட்டில் முதலில் ஊதுபத்தியைச் சந்தேகப்பட்டிருக்கிறார்கள், அப்புறம் வீட்டு வேலை பார்க்கும் பெண்ணை. அந்தப் பெண் கண் கலங்கி நின்றது எனக்கு இன்னும் மனதை அறுக்கிறது.

ஜன்னலை ஒட்டிய மேசையில் வட்டமான மேக்கப் கண்ணாடி ஒன்று இருந்தது. ஒரு பக்கம் சாதாரணக் கண்ணாடி, மறுபக்கம் முகத்தைப் பெரிதாகக் காட்டுவது. பெரிதாகக் காட்டும் பக்கம் ஜன்னலைப் பார்த்தபடி இருந்தது. டேப் பிடித்து அளந்தேன். அங்கிருந்து துணிக்கு 41 செ.மீ.

பள்ளியில் படித்த குழி ஆடிதான் இது. உள்வாங்கி வளைந்திருப்பதால், தூரத்திலிருந்து வரும் ஒளியை எல்லாம் ஓரிடத்தில் கொண்டுவந்து சேர்க்கும். அந்த இடம் குவியம். கண்ணாடியிலிருந்து அது இருக்கும் தூரம், வளைவின் ஆரத்தில் பாதி. முகத்தைக் குவியத்துக்கு உள்ளே வைத்துப் பார்த்தால் பெரிதாகத் தெரியும், அதே வளைவு வெயிலைப் பிடித்தால் சுடும். 40 செ.மீ. குவியத் தொலைவில் சூரியனின் பிம்பம் 4 மி.மீ. அகலம்கூட வராது. 15 செ.மீ. அகலக் கண்ணாடி முழுக்க விழுந்த வெயில் அந்தப் புள்ளிக்குள் அடங்கினால், அங்கே வெயிலின் வலு கணக்குப்படி சுமார் 1,400 மடங்கு. கண்ணாடி அவ்வளவு துல்லியமாக இருக்காது, வெயிலும் சாய்வாகத்தான் விழும். அதில் பத்தில் ஒரு பங்கு வந்தாலே மெல்லிய துணிக்கு அதிகம்.

ஓட்டைகள் ஏன் கோடாக விழுந்தன? சூரியன் மணிக்கு 15 டிகிரி நகர்கிறது, தன் அகலத்தைக் கடக்க அதற்கு இரண்டு நிமிடம் போதும். அதனால் புள்ளி ஓரிடத்தில் நிற்பதில்லை. சூரியன் ஏற ஏறப் புள்ளி கீழே இறங்கும், துணியின் மடிப்பு எங்கே சரியான தூரத்தில் இருக்கிறதோ அங்கே மட்டும் உருகும். அந்த வீடு தப்பியது இதனால்தான் என்று நினைக்கிறேன். அந்த இடத்தில் டிஷ்யூ பெட்டியோ உலர்ந்த பூமாலையோ இருந்திருந்தால்?

“எங்கள் வீட்டு ஜன்னல் வடக்கே பார்த்தது, வெயிலே வராது” என்று அந்த அம்மா சொன்னார். நிறையப் பேர் இப்படித்தான் நினைக்கிறார்கள். சிங்கப்பூர் பூமத்திய ரேகைக்கு ஒரு டிகிரிதான் வடக்கே. மார்ச் கடைசியிலிருந்து செப்டம்பர் வரை சூரியன் நமக்கு வடக்குப் பக்கம், மற்ற மாதங்களில் தெற்குப் பக்கம். டிசம்பரில் ஒன்றும் ஆகாத கண்ணாடி, இடம் மாறாமலே ஜூனில் சுடும்.

கட்டடமே குழி ஆடியானதும் உண்டு. 2013இல் லண்டனின் 20 ஃபென்சர்ச் ஸ்ட்ரீட் கட்டடத்தின் உள்வளைந்த கண்ணாடிச் சுவர், தெருவில் நின்ற ஒரு ஜாகுவார் காரின் பாகங்களை உருக்கியது. நம் கார்பார்க் முனைகளில் இருப்பது வெளிப்புறம் புடைத்த குவி ஆடி. அது ஒளியை விரிக்கும், பயமில்லை. பளபளவென்று தேய்த்த எவர்சில்வர் கிண்ணத்தின் உட்புறத்தை மட்டும் வெயிலில் விடாதீர்கள்.

உங்கள் கண்ணாடியைச் சோதிக்க வெயில் வேண்டாம், கண்ணுக்கு ஆபத்து. இரவில் எதிர் புளோக்கின் தாழ்வார விளக்குகளுக்கு நேரே கண்ணாடியைப் பிடித்து, முன்னால் ஒரு வெள்ளைத் தாளை நகர்த்துங்கள். விளக்குகள் தலைகீழாகத் தெளிவாக விழும் தூரம்தான் அது சுடும் தூரம். அந்தத் தூரத்தில் துணி, தாள் எதுவும் இருக்கக் கூடாது. இன்னும் நல்லது, வேலை முடிந்ததும் கண்ணாடியைக் கவிழ்த்து வையுங்கள், அல்லது துணி போட்டு மூடுங்கள்.

ஜன்னல் சட்டத்திலோ அலமாரி மரத்திலோ யாரோ சூட்டுக்கோலால் இழுத்தது போலப் பழுப்புக் கோடு தெரிந்தால், யாரையும் திட்டுவதற்கு முன் அந்தக் கோட்டின் அருகே நின்று சுற்றிலும் பாருங்கள். வளைந்த கண்ணாடி ஒன்று உங்களைப் பார்த்துக்கொண்டிருக்கலாம்.