குழாய் உடைந்த பிறகு வரும் முதல் ஒரு மணி நேரம்

2010 ஜூலை 25, ஞாயிற்றுக்கிழமை. அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் மார்ஷல் என்ற சிறிய ஊர். இரவு ஒன்பதரை மணிவாக்கில் ஒருவர் அவசர உதவி எண்ணான 911-ஐ அழைத்து, வெளியே எரிவாயு நாற்றம் மாதிரி ஏதோ வீசுகிறது என்று சொல்கிறார். தீயணைப்புப் படையினர் வந்து வாயு அளக்கும் கருவியோடு சுற்றிப் பார்த்துவிட்டு, எதுவும் அகப்படாமல் திரும்பிப் போகிறார்கள். ஊருக்கு வெளியே என்பிரிட்ஜ் நிறுவனத்தின் ‘6பி’ என்ற 30 அங்குலக் கச்சா எண்ணெய்க் குழாய், அதற்கு மூன்றரை மணி நேரம் முன்பே, மாலை 5.58-க்கு, ஆறரை அடி நீளத்துக்கு மேல் பிளந்திருந்தது.

நிறுவனத்துக்கு விஷயம் தெரிந்தது மறுநாள் காலை 11.17-க்கு. அதையும் சொன்னது வேறொரு எரிவாயு நிறுவனத்தின் ஊழியர். இடையில் பதினேழு மணி நேரம் போயிருந்தது.

எண்ணெய்க் குழாய்களில் கசிவைக் கண்டறியும் முறைகளையும் கட்டுப்பாட்டு அறைகளின் நடைமுறைகளையும் தணிக்கை செய்வது என் தொழில். பயிற்சி வகுப்புகளில் இந்த விபத்தைப் பற்றிப் பேசாமல் நான் விட்டதில்லை. குழாய் பழசு, துருப் பிடித்தது, உடைந்தது என்று மட்டும் சொன்னால் பாதிக் கதைதான் ஆகும். உடைந்த பிறகு அந்தப் பதினேழு மணி நேரத்தில் என்ன நடந்தது என்பதுதான் மீதிக் கதை. அரசின் விதிகளும் தண்டனைகளும் எங்கே பலிக்கின்றன, எங்கே பலிப்பதில்லை என்பது அதில்தான் தெரியும்.

குழாய் உடைந்தது மிச்சிகனில். அதை இயக்கிய கட்டுப்பாட்டு அறை இருந்தது கனடாவின் எட்மண்டனில். அன்று மாலை ஏற்கெனவே திட்டமிட்டபடி லைனை நிறுத்திக்கொண்டிருந்தார்கள். உடைந்ததும் அந்த நேரத்தில்தான். திரையில் அழுத்தம் சரிந்தது, அலாரம் அடித்தது. லைனை நிறுத்தும்போது அழுத்தம் குறைவது வழக்கம்தானே என்று யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அப்புறம் ஷிஃப்ட் மாறியது.

விடிகாலை 4 மணிவாக்கில் லைனை மறுபடி இயக்கினார்கள். உள்ளே தள்ளிய அளவுக்கு மறுமுனையில் எண்ணெய் வரவில்லை. ‘காலம் செப்பரேஷன்’ ஆகியிருக்கும் என்று முடிவு செய்தார்கள். மேடு பள்ளமான நிலத்தில் குழாய் நின்று கிடக்கும்போது, மேட்டுப் பகுதியில் அழுத்தம் குறைந்து எண்ணெயில் ஒரு பகுதி ஆவியாகி இடைவெளி விழும். மறுபடி பம்ப் செய்தால் முதலில் அந்த இடம் நிரம்ப வேண்டும், அதுவரை உள்ளே போவதும் வெளியே வருவதும் ஒத்துப்போகாது. இது உண்மையிலேயே நடப்பதுதான். சிக்கல் என்னவென்றால், குழாய் உடைந்திருந்தாலும் திரையில் இதே எண்கள்தான் தெரியும். ஏறத்தாழ ஒரு மணி நேரம் தள்ளிவிட்டு நிறுத்தினார்கள். காலை 7 மணிக்கு மேல் இன்னொரு அரை மணி நேரம் தள்ளினார்கள்.

மொத்தம் கொட்டியது சுமார் 8.43 லட்சம் கேலன், அதாவது கிட்டத்தட்ட 32 லட்சம் லிட்டர். அதில் 81 சதவீதம் இந்த இரண்டு முறை தள்ளியதில் போனது. குழாய் உடைந்ததால் மட்டும் கொட்டியது ஐந்தில் ஒரு பங்குதான். மற்றதெல்லாம் உடைந்த குழாயில் எண்ணெயைத் தள்ளிக்கொண்டே இருந்ததால் டால்மேஜ் ஓடை வழியாகக் கலமசூ ஆற்றில் போய்ச் சேர்ந்தது.

விதி இல்லாமல் போகவில்லை. காரணம் புரியாத நிலை 10 நிமிடத்தைத் தாண்டினால் லைனை நிறுத்திவிட வேண்டும் என்று, 1991-இல் நடந்த வேறொரு பெரிய கசிவுக்குப் பிறகு அந்த நிறுவனமே எழுதி வைத்திருந்தது. ‘காலம் செப்பரேஷன்’ என்று ஒரு காரணம் கிடைத்துவிட்டதால், காரணம் புரியாத நிலை என்ற கணக்கிலிருந்தே அது விலகிப் போய்விட்டது.

தணிக்கைக்குப் போகிற இடங்களில் இதைத்தான் நான் முதலில் தேடுவேன். நடைமுறைக் கையேடு எல்லா நிறுவனத்திலும் அழகாகத்தான் இருக்கும். நான் கேட்பது இரவு ஷிஃப்ட்டின் அலாரம் பதிவை. ஒரு நிறுவனத்தில் ஒரே கசிவு அலாரம் திரும்பத் திரும்ப வந்திருந்தது. ஒவ்வொரு முறையும் ‘கருவிக் கோளாறு’ என்று குறித்து மூடியிருந்தார்கள். சரி, கருவிதான் கெட்டிருக்கிறது என்றால் அதைப் பழுது பார்த்த வேலைத்தாள் எங்கே என்று கேட்டேன். ஒன்றுகூட இல்லை. அந்தக் குழாயில் கசிவு இருந்ததா இல்லையா என்பது வேறு விஷயம். அங்கே அலாரத்தை நம்புகிறவர் யாரும் இல்லை என்பது அந்தப் பதிவிலேயே தெரிந்துவிட்டது.

இன்னொரு கேள்வியும் கேட்பேன். திரைக்கு முன்னால் உட்கார்ந்திருப்பவரிடம், “மேலதிகாரியைக் கேட்காமல் இந்த லைனை உங்களால் நிறுத்த முடியுமா?” என்பேன். முடியும் என்றுதான் எல்லோரும் பதில் சொல்வார்கள். சொல்வதற்கு முன் சிலரின் கண் பின்னால் நிற்கும் மேற்பார்வையாளர் பக்கம் போய்விட்டு வரும். அதையும் அறிக்கையில் எழுதுவேன்.

அரசு இதில் எங்கே வருகிறது? அமெரிக்காவில் எண்ணெய், எரிவாயுக் குழாய்களின் பாதுகாப்பைக் கவனிப்பது போக்குவரத்துத் துறையின் கீழ் உள்ள பிஎச்எம்எஸ்ஏ என்ற அமைப்பு. மாநிலத்துக்குள்ளேயே ஓடும் குழாய்களைப் பல இடங்களில் மாநில அரசுகளே பார்த்துக்கொள்கின்றன. குழாயிலிருந்து 5 கேலன், அதாவது ஏறத்தாழ 19 லிட்டர் கொட்டினாலே 30 நாளுக்குள் எழுத்துமூலம் விபத்து அறிக்கை தர வேண்டும். பராமரிப்பு வேலையின்போது சிந்தும் சிறு அளவுக்கு மட்டும் கொஞ்சம் தளர்வு உண்டு. உயிரிழப்பு, மருத்துவமனையில் சேர்க்கும் அளவுக்குக் காயம், தீ, வெடிப்பு, 50,000 டாலருக்கு மேல் சேதம், ஓடையிலோ ஆற்றிலோ எண்ணெய்ப் படலம், இவற்றில் ஏதாவது ஒன்று நடந்தால் அறிக்கைக்கு முன்பே தொலைபேசியில் சொல்லியாக வேண்டும். அந்த அழைப்பு போக வேண்டிய இடம் நேஷனல் ரெஸ்பான்ஸ் சென்டர். கடலோரக் காவல் படையினர் 24 மணி நேரமும் அங்கே இருப்பார்கள். அங்கே சொன்னால் மற்ற அரசுத் துறைகளுக்கும் தகவல் போய்விடும்.

எப்போது சொல்ல வேண்டும்? மார்ஷல் விபத்து நடந்தபோது விதியில் இருந்தது, கண்டறிந்த பிறகு இயன்ற அளவு சீக்கிரம் என்பதுதான். ஒரு பாதுகாப்பு விதியை அப்படி எழுதினால் அதை யார் மீறினார் என்று நிரூபிப்பது கடினம். காலை 11.17-க்குத் தெரிந்ததை நிறுவனம் அரசிடம் சொன்னது பகல் 1.33-க்கு. 2012 ஜனவரியில் கையெழுத்தான சட்டம் இதை மாற்றச் சொன்னது. அதன்படி வந்த விதி 2017-இல் நடைமுறைக்கு வந்தது. இப்போது, விபத்து உறுதியான ஒரு மணி நேரத்துக்குள் சொல்ல வேண்டும், 48 மணி நேரத்துக்குள் கொட்டிய அளவைத் திருத்தி மறுபடி சொல்ல வேண்டும். கையில் உள்ள தகவலை வைத்து, முதற்கட்டக் கணிப்பிலேயே விபத்து என்று நியாயமாக முடிவுக்கு வர முடிகிற நேரத்தையே உறுதியான நேரமாக விதி எடுத்துக்கொள்கிறது. ஆள் போய் எண்ணெயைக் கண்ணால் பார்க்கும்வரை காத்திருக்கத் தேவையில்லை. எவ்வளவு கொட்டியது என்று தெரியாவிட்டாலும் பரவாயில்லை. இதை நான் வகுப்பில் அழுத்திச் சொல்வேன், ஏனென்றால் பெரும்பாலான தாமதம் அளவைக் கணக்கிட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பதில்தான் வருகிறது.

அதிலும் ஒரு ஓட்டை இருக்கிறது. அந்த ஒரு மணி நேரம் எப்போது தொடங்கியது என்பதை முதலில் குறித்து வைப்பது நிறுவனமேதான். அலாரம் வந்த நேரம், ஆள் அனுப்பிய நேரம், ஆள் பார்த்த நேரம் என்று மூன்று இருந்தால், பதிவேட்டில் கடைசி நேரத்தை எழுதத்தான் ஆசை வரும். கட்டுப்பாட்டு அறையின் கணினிப் பதிவை எடுத்து வைத்து நொடி நொடியாக ஒப்பிட்டுப் பார்க்கிற ஆய்வாளர் இல்லாவிட்டால் அந்த ஆசைக்குத் தடையே இல்லை. ஆய்வாளர் எண்ணிக்கையைக் கூட்டாமல் விதியை மட்டும் கூட்டிக்கொண்டே போவதை என்னால் ஏற்க முடியாது. மார்ஷல் விபத்தை விசாரித்தது என்டிஎஸ்பி என்ற அரசின் விபத்து விசாரணை அமைப்பு. அது என்பிரிட்ஜோடு சேர்த்து பிஎச்எம்எஸ்ஏ-வையும் கண்டித்தது. விரிசலைச் சரிசெய்வது பற்றிய விதி பலவீனமாக இருந்தது, மேற்பார்வை பலன் தரவில்லை என்று அறிக்கையில் எழுதியது. உடைந்த இடத்தில் விரிசல் போன்ற குறைகள் 2005-ஆம் ஆண்டுச் சோதனையிலேயே பதிவாகியிருந்தன. யாரும் தோண்டிப் பார்க்கவில்லை. நிறுவனங்கள் தரும் சுமார் 450 அவசரகாலத் திட்டங்களைப் படித்துப் பார்க்க அப்போது பிஎச்எம்எஸ்ஏ-வில் இருந்தது ஒன்றரை ஆளின் முழுநேர வேலைக்குச் சமமான ஆள்பலம்தான்.

அபராதம் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். எச்சரிக்கைக் கடிதம், விதிமீறல் நோட்டீஸ், திருத்த உத்தரவு, அபராதம் என்று பிஎச்எம்எஸ்ஏ-வுக்குப் பல வழிகள் உண்டு. மார்ஷல் விபத்துக்கு 2012-இல் அது விதித்த அபராதம் 37 லட்சம் டாலர். அந்த அமைப்பு அதுவரை விதித்ததிலேயே மிகப் பெரிய தொகை. ஆற்றைச் சுத்தம் செய்ய நிறுவனம் செலவழித்தது 100 கோடி டாலருக்கு மேல். நீர் மாசுச் சட்டத்தின் கீழ் நடந்த வழக்கு 2016-இல் 17.7 கோடி டாலர் உடன்பாட்டில் முடிந்தது. அதில் அபராதம் 6.2 கோடி. குறைந்தது 11 கோடி டாலரைக் கசிவைத் தடுக்கும் வேலைகளுக்கே செலவிட வேண்டும் என்றும் அதில் இருந்தது. எனக்கு மதிப்பாகத் தெரிவது அந்த 11 கோடிதான். அபராதப் பணம் அரசு கஜானாவுக்குப் போகும், இந்தப் பணம் குழாய்க்குப் போகும்.

அபராதத்தை விட ஆழமாக இறங்குவது குற்ற வழக்கு. 1999 ஜூன் 10 அன்று வாஷிங்டன் மாநிலத்தின் பெல்லிங்ஹாமில் ஒலிம்பிக் என்ற நிறுவனத்தின் குழாய் உடைந்து 2.37 லட்சம் கேலன் பெட்ரோல் ஓடையில் கலந்து தீப்பிடித்தது. பத்து வயதுச் சிறுவர்கள் இருவரும் 18 வயது இளைஞர் ஒருவரும் இறந்தார்கள். அந்த வழக்கில் நிறுவன ஊழியர்கள் சிறைக்கும் போனார்கள்.

கலிஃபோர்னியாவில் 2015 மே 19-இல் பிளெய்ன்ஸ் நிறுவனத்தின் 901 குழாய் ரெஃபுஜியோ கடற்கரைக்கு மேலே உடைந்தது. அங்கேயும் ஊர்க்காரர் சொன்ன நாற்றத்தை வைத்துத்தான் தீயணைப்புப் படை முதலில் போனது. தங்கள் குழாய்தான் என்று தெரிந்து ஏறத்தாழ ஒன்றரை மணி நேரம் கழித்துத்தான் நிறுவனம் நேஷனல் ரெஸ்பான்ஸ் சென்டரை அழைத்தது. குழாய்க்குள் எண்ணெயோடு ஓடிச் சுவரின் கனத்தை அளக்கும் ‘பிக்’ கருவியை இரண்டு வாரத்துக்கு முன்புதான் விட்டிருந்தார்கள். உடைந்த இடத்தில் அரிப்பு 47 சதவீதம் என்று அது காட்டியது. உண்மையில் அங்கே சுவரின் கனத்தில் 89 சதவீதம் அரித்துப் போயிருந்தது. 2018-இல் ஜூரி அந்த நிறுவனத்தைக் குற்றவாளி என்று தீர்மானித்தது. குழாயைச் சரியாகப் பராமரிக்காததோடு, உரிய நேரத்தில் அரசுக்குத் தகவல் சொல்லாததும் குற்றப் பட்டியலில் இருந்தது. அடுத்த ஆண்டு விதித்த அபராதம் 33 லட்சம் டாலருக்குச் சற்று மேல். தொகை சின்னதுதான். ஆனால் அந்தத் தீர்ப்புக்கு அப்புறம், நான் போகிற கட்டுப்பாட்டு அறைகளில் தொலைபேசி எண்ணைச் சுவரில் ஒட்டுவதோடு நிறுத்தாமல், எந்த ஷிஃப்ட்டில் யார் அழைக்க வேண்டும் என்று பெயரும் எழுதி வைக்கிறார்கள்.

2022-இல் வந்த விதிப்படி, 6 அங்குலத்துக்குக் குறையாத புதிய குழாய்களில், உடைப்பு தெரிந்த 30 நிமிடத்துக்குள் மூடிக்கொள்ளும் வால்வுகள் வைக்க வேண்டும். நல்ல விதி. ஆனால் ஏற்கெனவே மண்ணுக்கடியில் கிடக்கும் பழைய குழாயை மாற்றும்போது மட்டும்தான் அதற்கு இது பொருந்தும். மார்ஷலில் உடைந்த குழாய் 1969-இல் பதித்தது. அந்த வயதில் நிறையக் குழாய்கள் இன்னும் எண்ணெய் சுமந்துகொண்டிருக்கின்றன.

அமெரிக்காவில் குழாய்ப் பாதைக்குப் பக்கத்தில் குடியிருக்கும் நம்மவர்கள் சிலவற்றைத் தெரிந்துவைத்துக்கொள்வது நல்லது. உங்கள் கவுண்டியில் குழாய் எந்த வழியாகப் போகிறது என்பதை அரசின் தேசியக் குழாய் வரைபடத்தில் பார்க்கலாம். எந்த நிறுவனத்துக்கு எத்தனை நோட்டீஸ், எத்தனை விபத்து என்பதை பிஎச்எம்எஸ்ஏ தளத்தில் யார் வேண்டுமானாலும் எடுக்கலாம். தோட்டத்தில் வேலி போடக் குழி தோண்டுவதானாலும் முதலில் 811-ஐ அழையுங்கள். காசு கிடையாது, மண்ணுக்கடியில் குழாய் எங்கே இருக்கிறது என்று ஆள் வந்து குறியிட்டுக் கொடுப்பார்.

பெட்ரோல், தார் மாதிரி நாற்றம் வந்தாலோ, தண்ணீரில் வானவில் நிறத்தில் படலம் தெரிந்தாலோ, புல் திடீரென்று கருகினாலோ அந்த இடத்தை விட்டுக் காற்று வரும் திசைப் பக்கமாக விலகிப் போங்கள். அங்கே வண்டியை ஸ்டார்ட் செய்யாதீர்கள், செல்போனையும் தொடாதீர்கள். நல்ல தூரம் வந்த பிறகு 911. அப்புறம் குழாய்ப் பாதையில் நட்டிருக்கும் மஞ்சள் மார்க்கர் கம்பத்தில் உள்ள நிறுவன எண். அதோடு 1-800-424-8802, அதுதான் நேஷனல் ரெஸ்பான்ஸ் சென்டர். நிறுவனங்கள்தான் அங்கே அழைக்க வேண்டும் என்று விதி கிடையாது, யாரும் அழைக்கலாம். நாற்றம் எப்போது தொடங்கியது, காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது, அருகில் எந்த ஓடை, எந்தச் சாலை, கம்பத்தில் என்ன பெயர், இவ்வளவு சொன்னால் போதும். தீயணைப்பு வீரர் கருவியில் எதுவும் காட்டவில்லை என்று திரும்பிப் போய்விட்டாரா? நாற்றம் இன்னும் இருக்கிறதென்றால் மறுபடியும் அழையுங்கள்.