மூழ்கிய கப்பலுக்கு முகவரி தேடுதல்

துருவப் பயணி எர்னஸ்ட் ஷாக்கிள்டனின் எண்டியூரன்ஸ் என்ற மரக்கப்பல், அண்டார்டிகாவின் வெட்டல் கடலில் பனிப்பாளங்களுக்கிடையே பத்து மாதங்கள் சிக்கிக்கிடந்து நொறுங்கி, 1915 நவம்பர் 21 அன்று மூழ்கியது. கப்பலின் தலைவர் ஃபிராங்க் வோர்ஸ்லி அது மூழ்கிய இடத்தை தெற்கு 68 பாகை 39 நிமிடம் 30 விநாடி, மேற்கு 52 பாகை 26 நிமிடம் 30 விநாடி என்று குறித்துவைத்தார். நூற்றாண்டுக்குப் பின் அந்தக் கப்பலைத் தேடிப் போனவர்களிடம் இருந்த முதன்மையான துப்பு இதுதான். இவ்வளவு துல்லியமாக எழுதப்பட்ட எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு நேராக அங்கே போய்ப் பார்த்தால் போதாதா என்று தோன்றும். போதாது, அந்த எண்கள் எப்படிப் பிறந்தன என்பதைப் பார்த்தால் காரணம் விளங்கும்.

அட்சரேகையை நண்பகல் சூரியனின் உயரத்தைச் செக்ஸ்டன்ட் என்ற கோணமானியால் அளந்து பெறலாம். தீர்க்கரேகைக்குக் கடிகாரம் வேண்டும்: பூமி ஒரு மணி நேரத்தில் 15 பாகை சுழல்வதால், கிரீன்விச் நேரத்துக்கும் உள்ளூர் நேரத்துக்கும் உள்ள வேறுபாடே தீர்க்கரேகையைத் தருகிறது. கடிகாரம் 4 விநாடி தவறினால் தீர்க்கரேகைக் கணக்கில் ஒரு நிமிடம், அதாவது பாகையில் அறுபதில் ஒரு பங்கு, தவறும். வோர்ஸ்லி இருந்த அட்சத்தில் அது சுமார் 675 மீட்டர். கடிகாரம் ஒரு முழு நிமிடம் தவறாக ஓடியிருந்தால் கப்பல் 10 கிலோமீட்டர் தள்ளிப்போய்விடும். துறைமுகத்தை விட்டுப் புறப்பட்டுப் பல மாதங்களாகியிருந்த நிலையில், வோர்ஸ்லியும் பயணக் குழுவின் இயற்பியலாளர் ரெஜினால்ட் ஜேம்ஸும் சந்திரன் விண்மீன்களை மறைக்கும் கணங்களைக் கண்காணித்து, குரோனோமீட்டர்கள் எனப்படும் தங்கள் துல்லியக் கடிகாரங்களைச் சரிபார்த்திருந்தார்கள். கடலோடிகளின் வரலாற்றில் இந்த இருளும் குளிரும் சூழ்ந்த கணக்குக்குக் கிடைக்க வேண்டிய புகழ் இன்னும் கிடைக்கவில்லை என்பது என் எண்ணம்.

இதற்கு மேலும் ஒரு சிக்கல் இருந்தது. கப்பல் மூழ்கிய நாளில் வானம் மூடியிருந்தது. மறுநாள்தான் சூரியனை அளக்க முடிந்தது. அளந்ததும் கப்பல் மூழ்கிய இடத்திலிருந்து அல்ல, அங்கிருந்து சுமார் ஒன்றரை மைல் தொலைவில் பனிப்பாளத்தின்மேல் அமைந்த முகாமிலிருந்து. அந்தப் பாளமோ அசையாமல் நிற்கவில்லை. காற்றும் நீரோட்டமும் அதை இழுத்துக்கொண்டே போயின. ஆகவே வோர்ஸ்லி எழுதிய எண் நேரடி அளவீடு அன்று. அளவீடும் நகர்வு பற்றிய மதிப்பீடும் சேர்ந்த ஊகம்.

தொழில்முறையாகக் கப்பல் தேடுபவர்கள் எடுத்துக்கொள்ளும் முதல் கேள்வி, "கப்பல் எங்கே இருக்கிறது?" என்பதைவிட, "இந்த ஆவணம் எந்தத் திசையில், எவ்வளவு தவறாக இருக்கக்கூடும்?" என்பதே. இந்தக் கேள்வியை முறையான கணிதமாக மாற்றியதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு, 1857 செப்டம்பரில் கலிபோர்னியத் தங்கத்துடன் புயலில் சிக்கித் தென் கரோலினாவுக்கு அப்பால் மூழ்கிய சென்ட்ரல் அமெரிக்கா என்ற நீராவிக் கப்பல். மூழ்குமுன் அதன் தலைவர் அருகே வந்த ஒரு கப்பலிடம் தெரிவித்த இடம், பெண்களையும் குழந்தைகளையும் ஏற்றிக்கொண்ட கப்பலின் குறிப்பு, நீரில் மிதந்தவர்களைப் பின்னர் மீட்ட கப்பலின் குறிப்பு எனச் சாட்சியங்கள் பல இருந்தன. அவை ஒன்றோடொன்று பொருந்தவில்லை. லாரன்ஸ் ஸ்டோன் என்ற கணிதவியலாளர் எதையும் ஒதுக்கிவிடாமல், ஒவ்வொரு சாட்சியத்துக்கும் நம்பகத்தன்மைக்கேற்ற எடை கொடுத்து, காற்று, நீரோட்டம், அளவீட்டுப் பிழை ஆகியவற்றை மாற்றி மாற்றிக் கணினியில் ஓட்டி, கடற்பரப்பைச் சிறு கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் கப்பல் இருப்பதற்கான நிகழ்தகவை எழுதிய வரைபடம் ஒன்றை உருவாக்கினார். அந்த வரைபடத்தைக் கொண்டு தேடிய டாமி தாம்ப்சனின் குழு, 1988-இல் சுமார் 2,200 மீட்டர் ஆழத்தில் கப்பலைக் கண்டது.

இந்த முறையின் அழகு, வெறுங்கையுடன் திரும்பும்போதும் ஏதோ ஒன்றைக் கற்றுக்கொண்டு திரும்புவதில் இருக்கிறது. ஒரு கட்டத்தில் கப்பல் இருப்பதற்கான வாய்ப்பு 20 விழுக்காடு என்று வைத்துக்கொள்வோம். அங்கே தேடும் கருவி, கப்பல் உண்மையில் இருந்தால் அதைக் கண்டுபிடிக்கும் வாய்ப்பு 80 விழுக்காடு. தேடியும் கிடைக்கவில்லை. இப்போது அந்தக் கட்டத்தின் வாய்ப்பு பூஜ்யமாகிவிடாது. கருவி தவறவிட்டிருக்கலாம் என்பதால், புதிய சான்றுக்கேற்ப நிகழ்தகவைத் திருத்தும் பேயசின் விதிப்படி அது ஏறத்தாழ 4.8 விழுக்காடாகச் சுருங்கும். அதிலிருந்து குறைந்த பங்கு மற்றக் கட்டங்களுக்குப் பகிரப்பட்டு, அவை ஒவ்வொன்றும் சுமார் 1.19 மடங்கு உயரும். நாளுக்கு நாள் வரைபடம் இப்படித் திருத்தப்படுகிறது. கருவியின் திறமையை மிகையாக மதிப்பிடும் குழு, சரியான கட்டத்தை முன்னதாகவே கைவிட்டு நகர்ந்துவிடும் என்பதையும் இந்த எளிய கணக்கே காட்டிக்கொடுக்கிறது.

வரைபடம் தயாரானபின் கடலுக்குச் செல்லலாம். ஒளி சில நூறு மீட்டரிலேயே நீரில் மங்கிப்போகிறது, ரேடியோ அலைகள் அதைவிட விரைவில் உறிஞ்சப்படுகின்றன, எஞ்சுவது ஒலி. கடல்நீரில் ஒலி விநாடிக்குச் சுமார் 1,500 மீட்டர் செல்கிறது. ஆனால் மேற்பரப்பிலிருந்தே ஒலியை அனுப்பிக் கப்பலை இனங்காண முடியாது. ஒரு பாகை மட்டுமே அகலமுள்ள ஒலிக்கற்றைகூட 3,000 மீட்டர் கீழே போகும்போது 52 மீட்டர் அகலத்துக்குப் பரந்துவிடும். எண்டியூரன்ஸின் மொத்த நீளமே சுமார் 44 மீட்டர். கப்பல் முழுவதும் படத்தில் ஒரே புள்ளியாகிவிடும். எனவே கருவியை அடித்தளத்துக்கு அருகே கொண்டுபோக வேண்டியிருக்கிறது. கயிற்றில் கட்டி இழுக்கலாம், அல்லது தானாக நீந்தும் வாகனத்தில் பொருத்தி அனுப்பலாம்.

பக்கவாட்டு சோனார் எனப்படும் கருவி இரு புறமும் விசிறிபோல் ஒலியை வீசி, திரும்பிவரும் எதிரொலியைக் கோடு கோடாகப் பதிவு செய்கிறது. இரும்பு, பாறை போன்ற கடினமான பரப்புகள் வலுவாக எதிரொலிக்கும், மென்சேறு சோம்பலாக எதிரொலிக்கும். என்னைக் கேட்டால், சோனார் படத்தில் எதிரொலியைவிட நிழல்தான் அதிகம் பேசுகிறது. தரையிலிருந்து எழுந்து நிற்கும் பொருளின் பின்னால் ஒலி எட்டாத ஓர் இருட்டுப் பட்டை விழும். கருவி தரையிலிருந்து 60 மீட்டர் உயரத்தில் செல்ல, கருவிக்கு நேர்கீழிருந்து நிழலின் முனைவரை 300 மீட்டரும், நிழலின் நீளம் 50 மீட்டரும் இருந்தால், ஒத்த முக்கோணங்களின்படி அந்தப் பொருளின் உயரம் 10 மீட்டர். பாறைகள் ஏமாற்றும், ஆனால் செங்கோணமும் நேர்கோடும் இயற்கையில் அரிது என்பதால், படத்தைப் பார்ப்பவர் அவற்றையே முதலில் தேடுகிறார். அதிர்வெண்ணைக் கூட்டினால் படம் கூர்மையாகும், எட்டும் தொலைவு குறையும். ஆகவே முதலில் குறைந்த அதிர்வெண்ணில் அகலமாக, உழவர் சால் ஓட்டுவதுபோல் முன்னும் பின்னுமாக, சால்கள் ஒன்றன்மேல் ஒன்று சற்றுப் படியும்படி தேடுகிறார்கள். சந்தேகத்துக்குரிய இடத்தில் மட்டும் நெருங்கிச் சென்று கூர்மையாகப் பார்க்கிறார்கள்.

மணலுக்குள் புதைந்த கப்பலைப் பக்கவாட்டு சோனார் காணாது. அங்கே காந்தமானி உதவும். நங்கூரமும் பீரங்கியும் பூமியின் காந்தப்புலத்தைச் சற்றே கோணச் செய்யும். அந்தக் கோணல் தொலைவின் மும்மடிக்கேற்பத் தேய்வதால், ஆழமற்ற கடலில், பொருளுக்கு மிக அருகில் மட்டுமே இந்த வழி பலன் தரும்.

எங்கே தேடுவது என்பதோடு, எதைத் தேடத் தகும் என்பதும் கணக்கில் சேரும். ஸ்வீடன் நாட்டுக் கப்பல் தேடுநர் ஆண்டர்ஸ் ஃபிரான்சென் பால்டிக் கடலில் பழைய மரக்கப்பல்களைத் தேடியதற்குக் காரணம், உப்பு குறைந்த அந்த நீரில் மரத்தைத் துளைத்துத் தின்னும் கப்பற்புழு வாழ்வதில்லை என்பதே. 1628-இல் முதல் பயணத்திலேயே ஸ்டாக்ஹோம் துறைமுகத்தில் கவிழ்ந்த வாசா கப்பலை, அடித்தளத்தில் இறக்கிய துளைகருவி கொண்டுவந்த கறுத்த ஓக் மரத்துண்டின் வழியே 1956-இல் அவர் கண்டுபிடித்தார். அண்டார்டிகக் கடலிலும் அவ்வாறே: 2013-இல் வெளியான ஆய்வொன்று, அங்கே அடித்தளத்தில் ஓராண்டுக்கு மேல் வைத்திருந்த மரக்கட்டைகள் அரிக்கப்படாமல் இருந்ததைக் காட்டியது. எண்டியூரன்ஸ் முழு உருவில் இருக்கும் என்ற நம்பிக்கைக்கு அது வலுச் சேர்த்தது.

2019-இல் எண்டியூரன்ஸைத் தேடச் சென்ற முதல் முயற்சி, பனிக்கடியில் அனுப்பப்பட்ட தானியங்கி வாகனத்தோடு தொடர்பு அறுந்து அதையே இழந்ததால் முடிவுற்றது. 2022-இல் ஃபாக்லாண்ட்ஸ் கடல்சார் மரபு அறக்கட்டளையின் குழு, தென்னாப்பிரிக்காவின் பனியுடைப்புக் கப்பலான அகுல்ஹாஸ் இரண்டில் மீண்டும் சென்றது. இம்முறை வாகனங்களை மெல்லிய ஒளியிழைக் கேபிளால் கப்பலோடு இணைத்திருந்தார்கள். அதனால் வாகனம் பனிக்கடியில் தொலையாதது மட்டுமன்றி, படங்களும் உடனுக்குடன் மேலே வந்தன. மார்ச் 5 அன்று, 3,008 மீட்டர் ஆழத்தில், பின்புறத்தில் பெயர் எழுத்துகள்கூட அழியாமல் நிற்கும் கப்பல் அகப்பட்டது. அண்டார்டிக உடன்படிக்கையின்கீழ் அது பாதுகாக்கப்பட்ட வரலாற்றுச் சின்னம் என்பதால் எதையும் தொடாமல், படமும் அளவும் மட்டுமே எடுத்துவந்தார்கள்.

வோர்ஸ்லி குறித்த இடத்துக்கு ஏறத்தாழ 4 மைல் தெற்கே கப்பல் கிடந்தது. கடிகாரப் பிழை கிழக்கு மேற்காக மட்டுமே ஒருவரைத் தள்ளும், வடக்கு தெற்காகத் தள்ளாது. நண்பகல் சூரியனைக் கொண்டு பெறும் அட்சரேகைக்குக் கடிகாரத்தின் துல்லியம் அவ்வளவாகத் தேவையில்லை. பிழையின் பெரும்பகுதி வடக்கு தெற்குத் திசையில் இருப்பதால் குரோனோமீட்டர்கள் மீதான பழி பெருமளவு நீங்குகிறது. உடைந்த கப்பல் அடித்தளத்தை அடையும் நேரத்துக்குள் நீரோட்டம் அதை மைல் கணக்கில் நகர்த்தியிருக்கவும் வழியில்லை. மேகம் மூடியிருந்த அந்த இடைவெளியில் பனிப்பாளம் எவ்வளவு நகர்ந்தது என்ற மதிப்பீட்டின் மீதுதான் சந்தேகம் முதலில் விழுகிறது.